தகவலுக்கும் முகவரி வேண்டும்

அரசின் நலத்திட்டம் ஒன்று மக்களைச் சென்றடைவதற்கு நிதி ஒதுக்கீடும் நிர்வாக அமைப்பும் மட்டும் போதுமானவை அல்ல. அத்தகைய திட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குத் தாம் தகுதி உடையவர், இன்ன நாளுக்குள் இன்ன படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற செய்தி உரியவருக்குக் கிட்டியாக வேண்டும். ஒரு காலத்தில் இத்தகைய செய்திகள் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் அரசிதழிலும் வெளிவந்தன. இன்று அவை பெரும்பாலும் இணையதளங்களில் வெளியிடப்படுகின்றன. ஆனால், வெளியிடப்பட்ட தகவல் எல்லாம் கிட்டிய தகவல் ஆகிவிடுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

கணவரை இழந்த விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவர், தம் மகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தேடுகிறார் என்று கொள்வோம். அவ்வுதவி உயர்கல்வித் துறையிடம் இருக்கலாம். சமூக நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை, தொழிலாளர் நல வாரியம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிடமும் இருக்கலாம். இணையதளம் துறைவாரியாக மட்டுமே அமைக்கப்பட்டிருந்தால், எந்தத் துறையை அணுக வேண்டும் என்பதை முன்னரே அறிந்தவருக்குத்தான் அது பயன்படும். அறியாதவருக்கு வழிகாட்டவே தளம் ஏற்பட்டது. அவரோ வாயிலிலேயே நின்றுவிடுகிறார். விண்ணப்பத்திற்கான இறுதி நாளும் கடந்துவிடுகிறது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்று பணிக்கிறது. எனவே, தகவலை ஒழுங்குபடுத்துவது ஒரு சட்டக் கடமையும் ஆகும். இக்கடமையை நிறைவேற்றும் வழியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த அறிஞர் ஒருவர், தம் வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளைப் பெங்களூருவில் கழித்தார் என்பது நாம் நினைவுகூரத் தக்கது.

வகைப்பாடும் குறிச்சொல்லும்

இணையதளத்தை ஒழுங்குபடுத்த இரு கருவிகள் கையாளப்படுகின்றன. ஒன்று வகைப்பாடு, மற்றொன்று குறிச்சொல். உள்ளடக்கம் முழுவதையும் பெரும் பிரிவுகளாகவும், அவற்றின் கீழ் உட்பிரிவுகளாகவும் முன்கூட்டியே வகுத்து வைப்பது வகைப்பாடு. ஒவ்வொரு பக்கத்தின் மீதும் அதன் பொருளை உணர்த்தும் ஒன்றிரண்டு சொற்களைச் சீட்டுப் போல ஒட்டி வைப்பது குறிச்சொல். மளிகைக் கடையில் பருப்பு, எண்ணெய், மசாலாப் பொருள் என்று தனித்தனி அலமாரிகள் இருப்பது வகைப்பாட்டுக்கு ஒப்பானது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் எடை, விலை, தயாரித்த நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருப்பது குறிச்சொல்லுக்கு ஒப்பானது.

இவ்விரண்டில் எது சிறந்தது என்ற வாதம் சில ஆண்டுகளுக்கு முன்பு பரவலாக எழுந்தது. 2003இல் தொடங்கிய டெலிசியஸ், 2004இல் தொடங்கிய ஃபிளிக்கர் ஆகிய தளங்களில் பயன்படுத்துவோரே தமக்குத் தோன்றிய குறிச்சொற்களை இட்டனர். வல்லுநர் வகுக்கும் வகைப்பாடு இனித் தேவையில்லை என்று அப்போது பலர் கருதினர். ஆயினும், கட்டுப்பாடற்ற குறிச்சொற்கள் காலப்போக்கில் ஒரே பொருளுக்குப் பத்துச் சொற்களாகவும், ஒரே சொல்லுக்குப் பல பொருள்களாகவும் பெருகிவிடுகின்றன. மறுபுறம், கட்டுக்கோப்பான வகைப்பாடோ புதிய பொருள்கள் தோன்றும்போது இடமின்றித் திணறுகிறது. இரண்டையும் இணைக்கும் வழி ஒன்று தேவைப்படுகிறது. அவ்வழி கணிப்பொறிக்கு முந்திய காலத்திலேயே, ஒரு நூலகத்தின் அலமாரிகளுக்கிடையே கண்டறியப்பட்டது.

மரத்தின் குறைபாடு

அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, அறிவுலகம் முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாகவும், அவை ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாகவும் பிரித்தது. அடிமரத்திலிருந்து கிளையும், கிளையிலிருந்து சிறு கிளையும் பிரிவது போன்ற அமைப்பு இது. உலகெங்கும் நூலகங்கள் இதனை ஏற்றன. இன்றும் மிகப் பரவலாக வழங்குவது இதுவே.

மர அமைப்பின் இயல்பான குறைபாடு ஒன்று உண்டு. ஒரு பொருள் ஒரு கிளையில் மட்டுமே இருக்க முடியும். மேற்கூறிய உதவித்தொகையைக் 'கல்வி' என்ற கிளையில் வைத்தால் 'மகளிர்' என்ற கிளையில் தேடுவோருக்கு அது கிட்டாது. இரு கிளைகளிலும் வைக்க வேண்டுமானால் ஒரே செய்தியை இரு இடங்களில் எழுத வேண்டும். பின்னர் ஓரிடத்தில் திருத்தம் செய்து, மற்றோரிடத்தில் மறந்துவிட்டால் முரண்பட்ட இரு செய்திகள் மக்கள் முன் நிற்கும். எல்லாச் சேர்க்கைகளையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை வைப்பதும் இயலாத செயலாகும்.

சீர்காழியிலிருந்து பெங்களூருவுக்கு

இந்தக் குறைபாட்டுக்குத் தீர்வு கண்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1892இல் சீர்காழியில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டு, அதே ஆண்டில் நூலகவியல் பயில இங்கிலாந்து சென்றார். அங்கு இலண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகிய ஒரே வகை உறுப்புகளைக் கொண்டு, ஒரு முறை பாரந்தூக்கியும் மறு முறை வண்டியும் செய்து காட்டப்பட்டதைப் பார்த்தார். நூலின் பொருளையும் இவ்வாறே சிறு சிறு உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைத்துக்கொள்ள முடியும் என்ற எண்ணம் அவருக்கு அதனால் உதித்தது.

அவ்வெண்ணத்தின் விளைவே 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. உறுப்புகளை இணைக்கும் 'திருகாணி'யாக முக்காற்புள்ளியை அவர் பயன்படுத்தியமையால் இப்பெயர் ஏற்பட்டது. பின்னைப் பதிப்புகளில் பிற நிறுத்தற்குறிகளும் இடம்பெற்றன. நூலகவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூல் அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாக, 1931இல் வெளிவந்தது.

ரங்கநாதன் 1957இல் பெங்களூருவில் குடியேறினார். 1962இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஓர் அங்கமாக ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் அவர் தலைமையில் அந்நகரில் தொடங்கப்பட்டது. 1965இல் அவர் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1972 செப்டம்பரில் மறையும்வரை தம் முறையைத் திருத்திச் செப்பனிட்டு வந்தார். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு, அவர் மறைவுக்குப் பின் எம். ஏ. கோபிநாத்தைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1987இல் வெளிவந்தது. மைசூர் சாலையில் உள்ள புள்ளியியல் கழக வளாகத்தில் அம்மையம் இன்றும் இயங்கி வருகிறது.

ஐந்து முகங்கள்

ஒரே வைரத்தைப் பல பக்கங்களிலிருந்து பார்க்க முடிவது போல, ஒரு பொருளையும் பல முகங்களிலிருந்து அணுக முடியும் என்பது ரங்கநாதனின் அடிப்படைக் கருத்து. அம்முகங்கள் எத்தனை துறைகளில் எத்தனை வடிவில் தோன்றினாலும், அவற்றை ஐந்து அடிப்படை இனங்களுள் அடக்கலாம் என்று அவர் கூறினார். நூல் எதனைப் பற்றியதோ அந்த மையப் பொருள், அதன் பண்பு அல்லது மூலப்பொருள், அதன்மீது நிகழும் செயல், இடம், காலம் என்பனவே அவை.

நூலகவியல் மாணவர்களுக்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒன்று இதனை விளக்கும். இந்தியாவில் 1950களில் ஊடுகதிர் கொண்டு நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை அளிப்பது பற்றிய ஆராய்ச்சி நூல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். இதன் துறை மருத்துவம், மையப் பொருள் நுரையீரல், பண்பு காசநோய், செயல் சிகிச்சை, அதற்குரிய கருவி ஊடுகதிர், இடம் இந்தியா, காலம் 1950கள். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. இந்தியாவுக்குரிய எண் 44. அக்குறியீடுகள் உரிய நிறுத்தற்குறிகளால் இணைக்கப்பட்டு நூலின் எண்ணாக அமைகின்றன. இத்தகைய நூலுக்கென முன்கூட்டியே ஒரு கிளையை யாரும் வகுத்திருக்க வேண்டியதில்லை.

இதன் சிக்கனத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஐந்து முகங்களில் ஒவ்வொன்றுக்கும் 20 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், நாம் பேண வேண்டிய சொற்கள் 100 மட்டுமே. ஆனால் அவற்றிலிருந்து முகத்துக்கு ஒன்றாகத் தேர்ந்து அமைக்கக்கூடிய சேர்க்கைகள் 32 இலட்சம். மர அமைப்பில் இத்தனை சேர்க்கைகளுக்கும் தனித்தனி இடம் வகுக்க வேண்டியிருக்கும்.

நூலக அலமாரியைப் பொறுத்தமட்டில் கோலன் பகுப்பு பரவலான வெற்றி பெறவில்லை என்பதையும் இங்கு ஒளிக்காமல் கூற வேண்டும். அதன் குறியீடுகள் நீளமானவை. பயிற்சி இல்லாதவருக்குக் கடினமானவை. மேலும், அச்சிட்ட நூல் ஒன்றை அலமாரியில் ஓரிடத்தில்தான் வைக்க முடியும். எனவே முகங்களை எவ்வளவு நுட்பமாகப் பிரித்தாலும் இறுதியில் அவற்றை ஒரே வரிசையில் அடுக்க வேண்டியிருந்தது. கணிப்பொறியில் இத்தடை இல்லை. ஒரே பக்கத்தை எந்த முகத்தின் வழியாகவும் எடுக்க முடியும். ஆகவே, ரங்கநாதனின் முறை அலமாரியைவிட இணையதளத்திற்கே மிகவும் பொருந்துவதாக அமைந்துவிட்டது. 1952இல் இலண்டனில் தோன்றிய வகைப்பாட்டு ஆராய்ச்சிக் குழு, முகமுறையை வளர்த்தெடுத்துத் தகவல் மீட்பின் அடித்தளமாக்க முனைந்தது. 2007இல் பெங்களூருவில் நூல் விற்பனையுடன் தொடங்கிய ஃபிளிப்கார்ட் உள்ளிட்ட இணைய வணிகத் தளங்களில், விலை, நிறம், அளவு, தயாரிப்பாளர் எனப் பக்கவாட்டில் காணும் தெரிவுகள் யாவும் முகமுறையின் நடைமுறை வடிவங்களே.

தமிழ் மரபில் ஓர் ஒப்புமை

ஒரு பொருளைப் பல முகங்களாகப் பகுத்துக் காண்பது தமிழ் மாணவர்களுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அகப்பொருளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும், அதாவது இடமும் காலமும், முதற்பொருள் ஆகும். புறநானூற்றுப் பாடல்களின் அடியில் காணப்படும் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்ற குறிப்புகள் இன்றைய குறிச்சொற்களின் பணியையே செய்கின்றன.

அகநானூற்றின் அமைப்பு இன்னும் வியப்புக்குரியது. அதில் 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண் பெற்றவை பாலைத் திணைப் பாடல்கள். 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தல். பாடலின் எண்ணே அதன் திணையை அறிவித்துவிடுகிறது. குறியீட்டுக்குள் பொருளை வைக்கும் இந்த உத்தி நூலகவியலாருக்கு நன்கு பழக்கமானது.

ஓர் ஏரியின் ஆவணங்கள்

இம்முறை நிர்வாகத்தில் எவ்வாறு பயன்படும் என்பதைப் பெங்களூருவின் ஏரிகளைக் கொண்டே காண்போம். அந்நகரின் ஏரிகளைப் பற்றிய ஆவணங்கள் பல அமைப்புகளிடம் உருவாகின்றன. எல்லை பற்றியவை வருவாய்த் துறையிடமும், கழிவுநீர் பற்றியவை குடிநீர், கழிவுநீர் வாரியத்திடமும், மாசு அளவீடுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், பராமரிப்பு பற்றியவை மாநகராட்சியிடமும் இருக்கும். பெள்ளந்தூர் ஏரியில் நுரை பொங்கி, 2015இலும் 2017இலும் தீயும் பற்றியபோது, அது ஒரு துறையின் பிரச்சினை அன்று என்பது நாடறிந்த உண்மையாயிற்று. அத்தகைய ஏரியைப் பற்றிய செய்தியைத் துறைவாரியாகத் தேடுபவர் நான்கு தளங்களில் நான்கு துண்டுகளையே காண்பார்.

இவ்வாவணங்கள் யாவற்றுக்கும் ஒரே வகையான முகங்கள் அமைக்கப்படுவதாகக் கொள்வோம். பொருள்: ஏரி. பண்பு: நீரின் தூய்மை. செயல்: அளவிடல், தூர்வாருதல், வேலியிடல் ஆகியவற்றுள் ஒன்று. இடம்: பெள்ளந்தூர். காலம்: 2017. இவற்றுடன் நிர்வாகத்துக்குத் தேவையான மூன்று முகங்களையும் சேர்க்கலாம். ஆவணத்தின் வகை, அதாவது அரசாணை, ஆய்வறிக்கை, ஒப்பந்தப்புள்ளி போன்றவை, வெளியிட்ட அமைப்பு, ஆவணத்தின் நிலை, அதாவது நடைமுறையில் உள்ளதா, திருத்தப்பட்டதா, நீக்கப்பட்டதா என்பது. இப்போது ஏரிக்கரையில் வாழும் குடிமகன் இடத்தின் வழியாக வரலாம். பொறியாளர் செயலின் வழியாக வரலாம். தணிக்கையாளர் ஆவண வகையின் வழியாக வரலாம். மூவரும் ஒரே ஆவணத்தை அடைவர்.

அமைப்பை ஒரு முகமாக மட்டும் வைத்துக்கொள்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. பெங்களூரு மாநகராட்சியுடன் சுற்றியிருந்த நகராட்சிகளும் 110 கிராமங்களும் இணைக்கப்பட்டு, 2007இல் பெருநகர பெங்களூரு மாநகராட்சி அமைந்தது. 2025 செப்டம்பரில் அதன் இடத்தில், பெருநகர பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் ஏற்பட்டன. துறைகளும் வாரியங்களும் இவ்வாறு பிரிவதும் இணைவதும் நிர்வாகத்தில் இயல்பு. தளம் முழுவதும் அமைப்பின் பெயரில் கட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அது இடிந்து மீண்டும் எழ வேண்டியிருக்கும். பழைய ஆவணங்களின் முகவரிகள் செல்லாதனவாகும். அமைப்பு ஒரு முகம் மட்டுமே எனில், அந்த ஒரு முகத்தின் சொற்பட்டியலைத் திருத்தினால் போதும். ஏரி ஏரியாகவே இருக்கும்; பெள்ளந்தூர் பெள்ளந்தூராகவே இருக்கும்.

சொற்களுக்கு ஒழுங்கு

முகங்களை வகுப்பது பாதி வேலை. அவற்றில் இடம்பெறும் சொற்களை நிலைப்படுத்துவது மறுபாதி. ஒரே நகரம் பெங்களூர், பங்களூர், பெங்களூரு என்று மூவிதமாகத் தமிழில் எழுதப்படுகிறது. 2014 நவம்பர் 1 அன்று ஆங்கிலத்திலும் அதன் பெயர் முறைப்படி மாற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆவணங்கள் ஒரு பெயரிலும், பிந்தியவை மற்றொரு பெயரிலும் இருக்கும். எழுத்தர் ஒருவர் 'பெள்ளந்தூர்' என்றும், மற்றவர் 'பெல்லந்தூர்' என்றும் குறிச்சொல் இட்டால், கணிப்பொறிக்கு அவை இரு வேறு ஊர்கள். இதற்கு மாறாக, 'மாலை' என்ற ஒரே சொல் பொழுதையும் குறிக்கும், பூந்தொடையையும் குறிக்கும்.

இதற்குத் தீர்வு, ஒழுங்குபடுத்தப்பட்ட சொற்பட்டியல் ஆகும். ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்கப்பட்ட சொல் ஒன்றைத் தேர்ந்து, அதே பொருளுடைய பிற சொற்களை அதனிடம் ஆற்றுப்படுத்த வேண்டும். அதைவிட விரிந்த பொருளுடைய சொல் எது, குறுகிய பொருளுடையவை எவை, தொடர்புடையவை எவை என்பதையும் குறிக்க வேண்டும். காட்டாக, 'ஏரி' என்பதற்கு விரிந்த சொல் 'நீர்நிலை'. தொடர்புடைய சொல் 'மதகு'. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய அக்ரோவாக் என்னும் வேளாண் சொற்பட்டியல் இம்முறையில் அமைந்தது. இன்று அது 40க்கும் மேற்பட்ட மொழிகளில் வழங்குகிறது.

பல மொழிகள் வழங்கும் நம் நாட்டுக்கு இங்கு ரங்கநாதனின் மற்றொரு கருத்து பெரிதும் பயன்படும். வகைப்பாட்டுப் பணி மூன்று தளங்களில் நடைபெறுகிறது என்று அவர் விளக்கினார். கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என்பன அவை. முதலில் கருத்தைத் தெளிவாக்க வேண்டும். பின்னரே அதற்குச் சொல்லும் குறியீடும் வழங்க வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் மொழி சாராத ஓர் எண்ணை அளித்துவிட்டால், கன்னடத்தில் 'கெரெ', தமிழில் 'ஏரி', உருதுவில் 'தாலாப்' ஆகிய மூன்று சொற்களையும் அந்த ஓர் எண்ணுடன் இணைக்கலாம். ஆவணத்தில் பதிவது எண்; மக்கள் காண்பது அவரவர் மொழிச் சொல். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அண்டை அயலாராக வாழும் பெங்களூரு போன்ற நகரங்களில் இதன் தேவை வெளிப்படை.

தேடுபொறி இருக்கும்போது இது ஏன்?

தேடும் பெட்டியில் சொல்லைத் தட்டினால் விடை வந்துவிடும்போது இத்தனை உழைப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. அதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவதாக, தேடுபவர் தாம் தேடுவதன் பெயரை அறிந்திருக்க வேண்டும். நாம் தொடக்கத்தில் கண்ட தாய் திட்டத்தின் பெயரை அறியார். தம் நிலைமையை மட்டுமே அறிவார். இரண்டாவதாக, நம் அரசாணைகளில் பல ஒளிநகல் படங்களாக ஏற்றப்பட்டுள்ளன. படத்தில் உள்ள எழுத்தைக் கணிப்பொறி எப்போதும் பிழையின்றிப் படிப்பதில்லை. மூன்றாவதாக, ஓர் ஆணை இன்று செல்லுபடியாகிறதா, பிற்பட்ட ஆணையால் நீக்கப்பட்டதா என்பது பல வேளைகளில் அந்த ஆணையின் வாசகத்துக்குள் இராது. அதனை வேறொருவர் குறித்து வைக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் பரவியுள்ள உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இது பொருந்தும். நீக்கப்பட்ட ஆணையையும் நடப்பிலுள்ள ஆணையையும் பிரித்தறியும் குறிப்பு இல்லாவிடில், அவையும் பழையதைப் புதியதாக எடுத்துரைக்கக்கூடும்.

திட்டத்தின் பெயரை அறியாதவருக்கு வழிகாட்டும் முயற்சிக்கு நல்ல சான்று ஒன்று நம்மிடையே உண்டு. மத்திய அரசு 2022 ஜூலையில் தொடங்கிய 'மைஸ்கீம்' என்னும் தளம், நாடுபவரின் வயது, பாலினம், மாநிலம், சமூகப் பிரிவு, மாற்றுத்திறன் போன்றவற்றைக் கேட்டறிந்து, அவருக்குரிய திட்டங்களைக் காட்டுகிறது. எந்தத் துறை என்ற கேள்வியைவிட, வந்திருப்பவர் யார் என்ற கேள்வி இங்கு முன்னால் வைக்கப்படுகிறது. முகமுறையின் சமூகப் பயன் இதில் தெளிவாகிறது.

செய்ய வேண்டியவை

ஓர் அலுவலகம் தன் இணையதளத்தை ஒழுங்குபடுத்த விரும்பினால் பின்வரும் நெறிகள் உதவும்.

முதலாவதாக, மக்களின் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். தபால் பதிவேட்டிலும், குறைதீர்க்கும் நாள் மனுக்களிலும், தகவல் அறியும் உரிமை விண்ணப்பங்களிலும் கடந்த ஓராண்டில் மக்கள் எவற்றைக் கேட்டனர், எந்தச் சொற்களால் கேட்டனர் என்பதைத் தொகுக்க வேண்டும். அலுவலகத்தின் உள் பிரிவுகள் தளத்தின் முதல் பிரிவுகளாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஒரு முகத்தில் ஒரே அடிப்படையில் பிரிக்க வேண்டும். 'மாணவர், மகளிர், வேளாண்மை, 2019, படிவங்கள்' என்று ஒரே பட்டியலில் வைத்தால் ஆளும் துறையும் ஆண்டும் ஆவண வகையும் கலந்துவிடுகின்றன. வேளாண்மை பயிலும் மாணவி எதைத் தெரிவு செய்வார்? தளங்களில் நாம் அடிக்கடி காணும் பிழை இதுவே.

மூன்றாவதாக, முகங்கள் சிலவாக இருக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு முகங்கள் பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதுமானவை. அவற்றுள் ஆவணத்தின் நிலை என்ற முகம் எக்காரணம் கொண்டும் விடுபடலாகாது.

நான்காவதாக, சொற்பட்டியலுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். புதிய குறிச்சொல்லை எவரும் முன்மொழியலாம்; ஏற்பதற்கு ஒருவரே அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள குறிச்சொல்லும், எல்லாப் பக்கங்களிலும் உள்ள குறிச்சொல்லும் பெரும்பாலும் பயனற்றவை. ஆறு மாதங்களுக்கு ஒரு முறை அவற்றை ஆராய்ந்து இணைக்கவோ நீக்கவோ வேண்டும்.

ஐந்தாவதாக, தளத்தைத் திறக்கும் முன்பு சோதித்துப் பார்க்க வேண்டும். அலுவலகத்துடன் தொடர்பில்லாத சிலரிடம் பத்துக் கேள்விகளைக் கொடுத்து, விடைகள் எங்கே இருக்கும் என்று கேட்க வேண்டும். அவர்கள் தவறாகச் சென்ற இடங்கள் தளத்தின் தவறுகளே அன்றி அவர்களின் தவறுகள் அல்ல.

இப்பணிக்குப் பெருஞ்செலவு இல்லை. ஆனால் தகுதி பெற்ற ஆட்கள் வேண்டும். நாட்டின் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் நூலகவியல் பட்டம் பெறும் மாணவர்கள் இதே பகுப்பு முறைகளைப் பாடமாகப் பயில்கின்றனர். அரசு இணையதளங்களை அமைக்கும் குழுக்களில் கணிப்பொறி வல்லுநருடன் நூலகவியல் கற்ற ஒருவரும் இடம்பெறுவது, கல்விக்கும் பயன், நிர்வாகத்துக்கும் பயன்.

வாசகரின் நேரத்தைச் சிக்கனப்படுத்த வேண்டும் என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்பதும் ரங்கநாதன் வகுத்த விதிகளுள் அடங்கும். நூலகம் என்ற இடத்தில் இணையதளம் என்று வைத்துப் பார்த்தாலும் அவை பொருந்துகின்றன. தளங்கள் வளரும், ஆவணங்கள் பெருகும், துறைகளின் பெயர்கள் மாறும். இவற்றுக்கிடையே, தம் மகளின் படிப்புக்காகத் தேடி வரும் அந்தத் தாய்க்கு உரிய பக்கம் உரிய நாளில் கிட்டுமாறு செய்வதே வகைப்பாட்டின் நோக்கமாகும். அதற்கான முறையை வகுத்தவர் நம் நாட்டவர். அதனை நம் அலுவலகங்களில் நடைமுறைப்படுத்துவது நம் கடமையாகும்.